ஆறு மாவின் வடகிழக்கு மூலை

இரண்டு ஏக்கர் வரும் ஆறு மா வயலின் வடகிழக்கு மூலையில், ஓர் ஆள் படுக்கும் அளவு இடத்தில், யாரும் நாற்று நடுவதில்லை. அப்படி வேண்டுமென்று சொன்னவர் எவருமில்லை. நடவு வரிசை அங்கே வந்ததும் பெண்கள் தாமாகவே விலகிச் சுற்றிக்கொள்வார்கள். பண்ணையின் காரியக்காரர்கூட அப்போது வேறு பக்கம் பார்ப்பார்.

புதிய ஆட்சி வந்தபின் நடந்த முதல் தை அறுப்பில், அறுக்கும் ஒவ்வொரு கல நெல்லுக்கும் அரை லிட்டர் கூலி கூடுதலாகக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பண்ணை தெற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்கியது. தொழிலாளர்கள் குடியிருந்த தெரு கம்போடு வயலுக்குத் திரண்டது. கூட்டம் கலைந்தபோது அந்த மூலையில் துரைராசு என்ற வெளியூர் அறுப்பு ஆள் செத்துக் கிடந்தார். எட்டுப் பேர்மீது வழக்கு. அடித்தது யார் என்று ஒருவரும் சாட்சி சொல்லாததால் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். கூலியும் உயர்ந்தது. நியாயமான கோரிக்கையைப் பற்றிப் பேசத் தெருவுக்கு மேடைகள் இருந்தன. அந்தச் சாவுக்கு இருந்தது இந்த வெற்றிடம் மட்டும்தான்.

நான்காண்டுகள் கழித்து, புரட்டாசி நடவுக்குக் கை போதவில்லை. சங்கமே இசைந்து வெளியூர்ப் பெண்கள் ஐவரைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருத்தி எல்லையம்மாள். வரிசை மூலையை நெருங்கி வளைந்தபோது அவள் மட்டும் வளையவில்லை.

"என்னங்க, இவ்வளவு இடத்த விட்டுட்டுப் போறீங்க?"

"அங்க வேணாங்க்கா. இப்படி வந்துடுங்க" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ராசம்மாள்.

"ஏன், பாம்பு கிடக்கா?"

"பண்ணையார் வந்து படுக்க எடம் விட்டிருக்கோம்!" என்று கடைசியில் நின்ற தர்மாம்பாள் கிண்டலடித்தாள். சொன்னவளுக்கே சிரிப்பு வரவில்லை. வேறு யாரும் சிரிக்கவுமில்லை.

எல்லையம்மாள் நிமிர்ந்தாள். அந்த இடத்தின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் இந்த ஊரு அறுப்புக்குத்தான் வந்தாரு. துணி மூடிக் கொண்டாந்து இறக்குனாங்க. எந்த வயலு, யாரு அடிச்சான்னு ஒரு வார்த்தை இல்லை. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஊரு நடவுக்கு வந்தேன். இதுதானா?"

வரப்பில் நின்ற சங்கச் செயலாளர் அரசப்பன் தணிந்த குரலில் சொன்னார்: "வேலையைப் பாரும்மா. பழசெல்லாம் இப்ப எதுக்கு?"

"உங்களுக்குப் பழசுங்க."

ராசம்மாளின் கணவன் வேம்பு, நடுபவர்களுக்கு வீசும் நாற்றுமுடிக் கட்டுகளோடு நின்றிருந்தான். நான்கு வருடங்களாக இந்த வயல் முழுவதும் முடி வீசுபவன் அவன்தான். அவன் வீசிய ஒரு முடிகூட அந்த மூலையில் விழுந்ததில்லை. வாயைத் திறந்தால் வழக்கு மறுபடி எழலாம். அவனுக்காக வாய் மூடியிருந்த தெருவே பொய்யாகிவிடும். ராசம்மாள் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவன் முடிகளை வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினான்.

"வேம்பு, பேசாம இரு. வழக்குல இருந்த மத்த ஏழு பேரு குடும்பம் இருக்கு" என்றார் அரசப்பன்.

"அவங்க யாரும் அடிக்கலையே, மாமா."

நடாத அந்த இடத்துக்குள் போய், எல்லையம்மாளுக்கு எதிரே நின்றான். குரல் வயல் முழுவதும் கேட்டது.

"இதுதாம்மா அந்த எடம். அடிச்சது என் கம்பு. முதுகுப் பக்கம் கை போச்சு, அரிவாளை உருவுறார்னு நெனச்சுட்டேன். விழுந்தப்புறந்தான் பார்த்தேன், அரிவா பின்னிடுப்புல செருகியிருந்துச்சு. உருவறதுக்கில்ல, செருகறதுக்குத்தான் கை போயிருக்கு. வேலையை விட்டுட்டுக் கெளம்பத்தாம்மா பார்த்திருக்காரு துரைராசு."