பந்தலுக்கடியில் ஓடிய ஸ்கூட்டி

நான் கோபக்காரி என்று ஊரில் பேச்சு. பேசட்டும். கம்பம் சந்தைக்குப் போகலாமென்று சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், ஸ்கூட்டியின் முன்பாதிக் கூடு சுவரில் சாய்ந்து கிடக்கிறது, பின்பாதியைக் காணோம். எந்தக் குணவதியாக இருந்தாலும் அந்த இடத்தில் கத்தத்தான் செய்வாள்.

பின்பாதி தோட்டத்து மோட்டார் ரூமில் இருந்தது. என் புருஷன் தங்கப்பாண்டியன் அதை ஓர் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் என்னுடையது, பின் சக்கரம் என்னுடையது, ஹேண்டில்பாரும் ஹாரனும் என்னுடையவை. முன்னால் இருந்த இரண்டு சக்கரம் மட்டும் ஏதோ பழைய தள்ளுவண்டியிலிருந்து கழற்றியவை. நடுவில் தரையோடு தரையாக ஒரு பலகை. கல்யாணத்துக்கு என் அண்ணன் சீராகக் கொடுத்த வண்டி அது.

"அது என் வண்டி," என்றேன். அதற்கு மேல் நான் சொன்னதையெல்லாம் எழுத முடியாது.

மனுஷன் அசையவில்லையே. முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். பந்தலுக்கு அடியில் ஓடுகிற வண்டி செய்கிறாராம். உலகத்தில் எவனும் செய்யாத வண்டியாம்.

எங்கள் திராட்சைத் தோட்டம் ராயப்பன்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது. கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்துக் கட்டி, கொடியை அதன் மேல் படர விட்டிருப்போம். டிராக்டர் உள்ளே நுழையாது. வெட்டின பழத்தைப் பெட்டியில் அடுக்கி, குனிந்த முதுகு நிமிராமல் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த வேலைக்கு இப்போது ஆள் ஏது? விடியும் முன்பே பெண்கள் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கூலி கூடுதல், வேலை நிழலில். நானாக இருந்தாலும் போவேன்.

அது நியாயமான கவலைதான். ஆனால் இவருக்கு வண்டிப் பைத்தியம் கவலையால் வந்ததல்ல. சோற்றுத் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உலகத்துக் கிறுக்கு வண்டிகளையெல்லாம் பார்ப்பார். பார்த்துவிட்டு எனக்கும் சொல்வார். கல்கத்தாவில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் அன்னப்பறவை உருவத்தில் கார் வைத்திருந்தானாம், கூட்டத்தை விலக்க அதன் அலகு வெந்நீர் பீச்சுமாம். பிரான்ஸில் ஒருத்தன் காருக்கு முன்னால் ஏரோப்பிளேன் விசிறியை மாட்டி ஓட்டினானாம். இங்கிலாந்துப் பக்கத்துத் தீவு ஒன்றில் ஒரே ஆள் உட்காருகிற கார் செய்தார்களாம், அதில் ரிவர்ஸ் கிடையாதாம், பின்னால் இருக்கிற கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டுமாம். "சாம்பார் ஆறுது, சாப்பிடுங்க" என்று நான் சொல்வேன். ஒரு நாள் அமெரிக்காக்காரன் ஒருவனைக் காட்டினார். உப்புப் பாலைவனத்தில் வேகம் கூட வேண்டுமென்று, வெறும் ஜட்டியோடு மோட்டார் சைக்கிள் மேல் குப்புறப் படுத்து, காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு பறக்கிறான். வெட்கங்கெட்டவனே என்று போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

ஸ்கூட்டி போன அன்றே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன். அண்ணன் பாண்டியராஜன் கம்பத்தில் குட்டியானை ஓட்டுகிறார். சின்ன லோடு வண்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் பழத்தை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவதும் அவர்தான். வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். பஞ்சாயத்து அங்கேயே நடந்தது. தீர்ப்பு என்னுடையது. வருகிற வெட்டுக்கு இந்த வண்டி பழத்தை வெளியே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பிரித்து, பழையபடி ஸ்கூட்டியாக்கி, என் வாசலில் நிறுத்த வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

"நானே ஓட்டிக் காட்டுறேன்," என்றார் அவர். "காட்டலைன்னா நானே பிரிச்சுத் தாரேன். போதுமா?"

போதும் என்றேன்.

அவர் வாக்கு மாறாதவர். அந்தக் குணத்துக்காகத்தான் என் அப்பா அவருக்கு என்னைக் கட்டி வைத்தார். வண்டியும் சீக்கிரமே தயாராகிவிட்டது. பந்தலுக்கடியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்னால் அந்தத் தீவுக்காரன் மாதிரியே ஒரு கைப்பிடி வைத்திருந்தார், இதற்கும் ரிவர்ஸ் கிடையாதல்லவா. அதற்குள் கொடி பூவெடுத்துவிட்டது. பூவெடுத்த தோட்டத்துக்குள் வண்டி விட்டால் பூ உதிரும். ஆகவே சாக்கைப் போட்டு மூடி மோட்டார் ரூமில் நிறுத்திவிட்டார்.

வெட்டு நாள் வந்தது. பன்னீர் திராட்சை, கறுத்துப் பழுத்து, கை வைத்தால் கழன்று வருகிற பக்குவம். மொக்கம்மாக்காவும் இன்னும் மூன்று பெண்களும்தான் கிடைத்தார்கள். காலையிலிருந்து வெட்டி வெட்டிப் பெட்டியில் அடுக்கினோம். தூக்குகிற கவலை இல்லை, வண்டி இருக்கிறதே. அண்ணனும் குட்டியானையை ரோட்டில் நிறுத்திவிட்டு, தார்ப்பாயை விரித்து வைத்து, வேடிக்கை பார்க்க உள்ளே வந்து நின்றார்.

அப்போதுதான் குமுளிப் பக்கம் மலை காணாமல் போனது. மேகம் அப்படிக் கருத்து இறங்கியது. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும், வெடித்த பழத்தை எவனும் தொட மாட்டான். எங்கள் வருஷத்து உழைப்பு முக்கால்வாசி வெட்டிப் பெட்டியில் கிடக்கிறது, அதுவும் தோட்டத்தின் அந்தக் கோடியில். 

"எடுங்க வண்டிய," என்றேன்.

எடுத்தார். சாமி கும்பிட்டுவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை ஓர் அடி அடித்துவிட்டு, பந்தலுக்குள் விட்டார். நாலு அடி போகவில்லை. முகத்தில் ஒரு குலை, மூக்கில் ஒரு குலை, கழுத்தில் இரண்டு குலை. குனிந்தார், முதுகு உரசி இன்னும் நாலு குலை அறுந்து விழுந்தது. கம்பி ஒன்று நெற்றியைக் கீறிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு, ரத்தமும் திராட்சைச் சாறும் வழிய இறங்கினார்.

"மாப்ளைக்குத் தோட்டமே மாலை போட்டு அனுப்புது," என்றார் அண்ணன்.

மொக்கம்மாக்கா மேலே பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், எப்போது அளவு எடுத்தீர்கள் என்று கேட்டாள். கவாத்து முடிந்த மறுவாரம் என்றார் இவர்.

அடி ஆத்தி! கவாத்து வெட்டினால் கொடியில் குச்சி மட்டும்தான் இருக்கும். கம்பி விறைத்து மேலே நிற்கும். காய் பிடித்தால் பந்தலே கனம் தாங்காமல் ஒரு முழம் இறங்கும், அதற்குக் கீழே குலை ஒரு சாண் தொங்கும். இது எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறந்ததிலிருந்து பந்தலுக்கடியில் குனிந்து நடக்கிற மனுஷன், மொட்டைப் பந்தலுக்கு டேப் பிடித்து வண்டி செய்திருக்கிறார். சீட்டை இறக்கவும் வழியில்லை, அதற்கு அடியில்தான் எஞ்சின் இருக்கிறது.

அவர் நெற்றியைத் துடைக்காமல் அந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜெயித்துவிட்டேன், என் ஸ்கூட்டி திரும்ப வரப்போகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேகம் வேறு உத்தமபாளையத்துக்கு மேலே வந்துவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு அந்த ஜட்டிக்காரன் ஞாபகம் வந்தான்.

"சீட்டக் கழத்துங்க," என்றேன். "படுங்க. அந்த உப்புக்காட்டுக்காரன் மாதிரி."

ஒரு விநாடி முழித்தார். பிறகு அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. ஸ்பேனர் சுழன்றது, சீட்டு பறந்தது, எஞ்சின் மேல் சாக்கை மடித்துப் போட்டுக் குப்புறப் படுத்தார். ஆனால் என் சமையல் கொடுத்த தொந்தி இருக்கிறதே, அது எஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டு ஆளை ஏற்றம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டியது. கை எட்டினால் கால் தூக்கியது, கால் பதிந்தால் கை எட்டவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எந்திரிங்க," என்றேன்.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுத்தான் வெட்டுக்கு வருவோம். முந்தானையை இறுக்கிச் சொருகிக்கொண்டு ஏறிக் குப்புறப் படுத்தேன். என் வண்டியின் ஹேண்டில் என் கைக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது. முறுக்கினேன்.

அதை எப்படிச் சொல்வேன்! தலைக்கு மேலே குலைகள் கறுப்பாக ஓடுகின்றன, ஒன்றுகூட என்னைத் தொடவில்லை. தாடைக்குக் கீழே மண் ஓடுகிறது. கல்தூண்கள் இரண்டு பக்கமும் விருட் விருட்டென்று பின்னால் போகின்றன. இத்தனை வருஷம் குனிந்து குனிந்து நடந்த தோட்டம் இது, இவ்வளவு நீளமாக இவ்வளவு அழகாக இருக்கிறதென்று எனக்குத் தெரியவே தெரியாது. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் புழுதி, ஆனாலும் சிரித்தேன்.

மொக்கம்மாக்கா பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, நான் பார்க்க நடுவில் சந்து விட்டாள். திரும்ப வேண்டிய இடத்தில் இவர் ஓடிவந்து பின் கைப்பிடியைத் தூக்கித் திருப்பினார். ரோட்டு முனையில் யார் தூக்குவது? வேடிக்கை பார்க்க வந்த அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தூக்கினார். "போ தாயி, போ போ" என்று கத்திக்கொண்டே தூக்கினார். நான் போவதும் வருவதுமாக இருந்தேன். குறுக்கே ஆள் வந்தால் ஹாரன். ஆறு பேர் குனிந்து குனிந்து பொழுது சாயத் தூக்குகிற பழம், கண்ணெதிரே குட்டியானையில் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசி நடைக்குப் பந்தலை விட்டு வெளியே வரும்போது முதுகில் முதல் துளி விழுந்தது. சுரீரென்று பெரிய துளி. இவரும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடிக்கவும் வானம் பொத்துக்கொண்டு கொட்டவும் சரியாக இருந்தது. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. நனைந்துகொண்டே அதன் மேல் படுத்துக் கிடந்தேன். கொடியில் மிச்சம் நின்ற குலை வெடித்திருக்கும், போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலையில் டீயை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனால், இவர் தரையில் உட்கார்ந்து எஞ்சின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஸ்கூட்டியின் முன்பாதிக் கூட்டைத் துடைத்து வைத்திருக்கிறார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஓட்டிக் காட்டுறேன்னுதான் சொன்னேன்," என்றார், தலையைத் தூக்காமலே. "நான் ஓட்டலையே. ஓட்டுனது நீ. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல."

டீ டம்ளரைத் தரையில் வைத்தேன். போய் அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"கைய எடுங்க," என்றேன். "அது என் வண்டி."