மூன்றாவது பூச்சு

ஆய்வகத்தில் எனக்குப் பட்டப்பெயர் மேஸ்திரி. பூசுவதுதான் என் வேலை. சுவருக்கல்ல, உயிருள்ள செல்லுக்கு. இன்சுலின் சுரக்கும் செல்களுக்குக் கண்ணுக்கே தெரியாத கூழ் உறை போடுவேன். உறையில்லாமல் உள்ளே விட்டால், அந்நியன் என்று உடம்பே அவற்றைத் தீர்த்துக்கட்டிவிடும். இரண்டு பூச்சு. அதுதான் கணக்கு.

முதல் சோதனை எங்கள் டிரைவர் அண்ணனின் நாய் துரைக்கு. சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை அண்ணன்தான் ஊசி போடுவார். இப்போது அவர் சட்டைப்பையில் கைவிட்டாலே துரை கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறான். தான் வளர்த்த பிள்ளை தன்னைக் கண்டே பயப்படுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் கூடவே பூசிவிடுங்களேன் மேடம்."

"நான் என்ன சுண்ணாம்பா அடிக்கிறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. ஒன்று கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று மூன்றாவதையும் பூசினேன். குறிப்பேட்டில் இரண்டு என்றே எழுதினேன்.

செல்களை உடம்புக்குள் வைத்து மூன்று வாரமாகியும் துரையின் சர்க்கரை இறங்கவில்லை. ஆய்வகத் தலைவரான டாக்டர் சில செல்களை வெளியே எடுத்துப் பார்த்தார். எல்லாம் உயிரோடுதான் இருந்தன.

"முறையே தப்பு போலிருக்கு. இதோட நிறுத்திக்கலாம்" என்றார்.

மூன்றாவது பூச்சுதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. சுரந்த இன்சுலின் வெளியே வர வழியில்லை. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அடைத்துவைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டால் என் வேலை பிழைக்கும். துரைக்குச் சாகும்வரை ஊசிதான்.

சொல்லிவிட்டேன். டாக்டர் கத்தித் தீர்த்தார். நியாயம்தான். கடைசியில், இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். நான் பூசும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டுமாம்.

வெளியே அண்ணன் துரையோடு காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நான் கேட்டதாலயா மேடம்?"

"இல்லண்ணே. கூடாதுன்னு தெரிஞ்சவ நான். செஞ்சதும் நான்தான்."

சாயங்கால ஊசிக்கு நேரமாகியிருந்தது. அவர் பையில் கைவிட்டதும் துரை நடுங்கியபடி என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் துரை என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வை எந்தத் திட்டையும்விட வலித்தது.

அண்ணன் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் கோபமில்லை.

"மறுபடி எப்ப மேடம் கூட்டிட்டு வரட்டும்?"