இடுப்பு என்னோடது

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. சினிமாக்காரர்கள் மட்டும் கூடிப் பார்க்கிற காட்சியில், தெரிந்தவர் பெயர் வந்தால் கைதட்டுவது ஹாலிவுட் பக்கத்துப் பர்பாங்க் ஸ்டூடியோக்களில் வழக்கம். 'டூப்: டார்லீன் கொபெக்கி' என்று வந்ததும் அரங்கமே அதிர்ந்தது. டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊன்றுகோலால் தரையில் ஓங்கி அடித்தாள்.

"நிறுத்துங்க! எதுக்குத் தட்டுறீங்க? அதுல விழுந்தது நானா?"

பழைய படத்தைத் திருத்தி மறுபடி வெளியிடுகிறார்கள்; அதில் எங்கே அவள்? இருபத்தைந்து வருடத்துக்கு முன், எழுபத்திநாலில், பால்கனிக் கம்பி உடைகிற காட்சியில் நாலாவது மாடியிலிருந்து விழுந்தவள் அவள்தான். இன்று விழுந்தது கம்ப்யூட்டரில் செய்த பொம்மை. தலைமுடி கலையாமல், மெத்தையில் சாய்கிற மகாராணி மாதிரி விழுந்தது. இடுப்பு நொறுங்கி ஏழு மாதம் படுத்துக் கிடந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவிகள்.

இயக்குநர் வாரன் டீக் மேடையில் மைக்கோடு நின்று சிரித்தான். "டார்லீன், உன் விக் பாதியில கழண்டு பறக்குமே, மறந்துட்டியா? ஊரே சிரிச்சுது. உன் மானத்தத்தான் காப்பாத்தியிருக்கேன்."

"என் மானத்துக்கு நீ காவலா? பாலுக்குப் பூனை காவல் இருந்த கதைதான்!"

"படம் என்னோடது. எனக்குப் பிடிக்கலன்னா திருத்துவேன்."

"படம் உன்னோடது. இடுப்பு என்னோடது. விக் கிடக்கட்டும். கை எங்க?"

வாரனின் சிரிப்பு நின்றது. பழைய படத்தில் விழுவதற்கு ஒரு நொடி முன் அவள் உள்ளங்கையை விரித்துத் தூக்குவாள். மரண பயத்தை இப்படி நடித்துக் காட்ட ஆளில்லை என்று பத்திரிகைகள் அந்தக் கையைக் கொண்டாடித் தீர்த்தன.

"நடிப்பாம், மண்ணாங்கட்டி!" அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கீழ நான் வந்து விழறதுக்கு அட்டைப்பெட்டி பாதிதான் அடுக்கியிருந்தாங்க. 'இரு, இரு'ன்னு கை காட்டினேன். வெளிச்சம் போகுதுன்னு இவன் 'ஆக்ஷன்'னு கத்தினான். உடனே பால்கனிக் கம்பியக் கழட்டி விட்டுட்டாங்க."

வாரன் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினான். "பேட்டியில நடிப்புன்னு நீயே சொன்னியே?"

"சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில்ல தலைய வச்சு அழுதியே, உன் பொழப்பு போயிடக் கூடாதேன்னு சொன்னேன். நான் பொய் சொன்னாலும் படத்துல அந்தக் கை இருக்கே, கண்ணு உள்ளவன் என்னைக்காவது புரிஞ்சுக்குவான்னு இருந்தேன். பழைய படத்தையும் கூடவே வெளியிடு. கேக்கறது அவ்வளவுதான்."

"பழசு இனி வெளிய வராது. இதுதான் படம்."

"அப்படியா சேதி! நாளைக்குப் பத்திரிகைக்காரங்களுக்குக் காட்டறியாமே, நானும் வரேன். எனக்காகப் பேசின அந்தக் கையத்தான் நீ அழிச்சிட்டியே. இனிமே நானே வாயால சொல்ல வேண்டியதுதான்."