ஓடுபாதையைக் கண்ணால் காணும்வரை

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்தது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் என்னிடம் ஒரே ஒரு பக்கம் கேட்டது. நீதிமன்ற வாசலில் விநியோகிக்க வேண்டும். படியேறுவதற்குள் படித்து முடிக்கும்படி இருக்க வேண்டும். இந்தக் கிரேக்கத் தீவில் துறைமுகத் தொழிலாளருக்கும் ஓட்டல் பணிப்பெண்களுக்கும் அத்தகைய பக்கங்களை எழுதியே என் தலை நரைத்தது. "தோழர்களே, கேளுங்கள்" என்று தொடங்கினால் மிச்சம் தானாக வரும். இம்முறை "கேளுங்கள்" என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிட்டது. நீதிமன்றத்தில் நான் என் காதால் கேட்டதை நானே இன்னும் நம்பவில்லை. பிறரை எப்படி நம்பச் சொல்வேன்?

முதல் தொடக்கம்: "விதி என்பது எவருடைய கையில் இருக்கிறதோ அவருக்கே அது—"

அடித்துவிட்டேன். கைதட்டுக்காகக் காத்து நிற்கும் வாக்கியம்.

இரண்டாம் தொடக்கம்: "ஆகஸ்டு மாத மாலையொன்றில், எவாந்தியா என்னும் கட்டுப்பாட்டாளர் கோபுரத்தில் தனியாக—"

இதுவும் ஆகாது. ஆகஸ்டில் தொடங்கினால் ஜூன் மறைந்துவிடும். ஜூன் மறைய வேண்டும் என்பதே எதிர்த்தரப்பின் ஆசை. ஆகவே, ஜூன்.

2

எங்கள் விமான நிலையக் கோபுரத்தில் இருவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்த்தார். கூடுதல் ஆள் கேட்டார்கள், வரவில்லை. வேலைநிறுத்தத்துக்குத் தடை. அப்போது அவர்கள் கையிலெடுத்த ஆயுதத்தின் பெயரைக் கேளுங்கள்: விதிப்படி வேலை! அதாவது, புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு விதியையும் அப்படியே கடைப்பிடிப்பது.

விதிகள் பல, இக்கதைக்கு ஒன்று போதும். முன்னே இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகியதைக் கண்ணால் காணும்வரை, பின்னே வருவதற்கு இறங்க அனுமதி தரக்கூடாது. கோபுரத்தின் முகம் மேற்கே. மாலை வெயில் கண்ணாடியில் அடிக்கும்போது பாதையின் மறுகோடி தெரியாது. தெரியாவிட்டால் தீயணைப்பு வண்டி அங்கே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை வானத்தில் இருப்பது வானத்திலேயே சுற்ற வேண்டும்.

சுற்றின. கடலுக்கு மேலே வரிசையாகச் சுற்றின. கீழே ஓட்டல்காரர்கள் கொதித்தார்கள். "மகாராணி கண்ணைத் தொறந்து பாத்தாத்தான் ப்ளேன் எறங்குமாம்!" என்று எவாந்தியாவை மீன்கடையில் வைத்தே ஏசினார்கள். நிர்வாகம் நீதிமன்றம் போயிற்று. நிர்வாகத்தின் வழக்கறிஞர் கலோயேரிஸ் எழுந்து சொன்னார்:

"கனம் நீதிபதி அவர்களே, விதிங்கிறது ஒரு வழிகாட்டி. அனுபவம் உள்ளவங்க அதைச் சந்தர்ப்பம் பாத்துப் பயன்படுத்தணும். எழுத்துக்கு எழுத்து புடிச்சுத் தொங்குறது கடமை இல்லீங்க, நாசவேலை!"

நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வழக்கம் எதுவோ அதன்படியே வேலை செய்க, மீறினால் சிறை.

விதியைப் பின்பற்றினால் சிறை!

3

[இந்த இடத்தில் கதை நிற்கிறது. மேலே உள்ளதை எவாந்தியா துறைமுகக் காப்பிக்கடையில் படித்தார். ஐஸ் போட்ட காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு பொய் இருக்கு, தோழரே."

"எங்கே?"

"ஓட்டல்காரன் மட்டுமா அவசரப்பட்டான்? 'வழக்கம்'னு கோர்ட்டு சொல்லுச்சே, அந்த வழக்கத்த யாரு உண்டாக்குனா? நாங்கதான். வேகமா எறக்குறவன்தான் கெட்டிக்காரன். கண்ணால பாத்துட்டு எறக்குறவனப் பாத்தா, 'என்னடா, கண்ணாடி போட்டு வரலியா'ம்போம். நானே சொல்லியிருக்கேன்."

"அதை எழுதினால் உங்கள் வழக்குக்குக் கெடுதல்."

"எழுதலைன்னா உங்க கதைக்குக் கெடுதல்."

எழுதிவிட்டேன்.]

4

இப்போது ஆகஸ்டு. வடகாற்று ஓய்ந்த மாலை, எவாந்தியா தனியாக. ஒரு விமானம் இறங்கிற்று. மறுகோடியில் விலகிவிடுவதாக விமானி சொன்னார். வெயில் கண்ணாடியில் எரிந்தது. நீதிமன்றம் கட்டளையிட்ட வழக்கப்படி, விமானியின் சொல்லை நம்பி, அடுத்தது இறங்க எவாந்தியா அனுமதி தந்தார்.

முதல் விமானம் விலகவில்லை. சக்கரம் இறுகி, பாதையின் மேலேயே நின்றது. தீயணைப்பு வண்டியிலிருந்த மனூசோஸ் என்பவர்தாம் அதைக் கண்டார்.

"எவாந்தியா! நிக்குது! பாதையிலயே நிக்குது!"

எவாந்தியா இரண்டாம் விமானத்தை மேலே ஏறச் சொன்னார். நின்றிருந்ததன் வால்மேல் அதன் நிழல் விழுந்து போயிற்று. ஒருவரும் சாகவில்லை.*

*(பொதுக்கூட்டத்தில் இந்த வரிக்குப் பின் நீண்ட இடைவெளி விடுவேன். தாளில் எப்படி விடுவதென்று தெரியவில்லை. நிழல் விழுந்த அந்த வாலருகே, ஒரு சாளரத்தின் உள்ளே, வந்து சேர்ந்துவிட்டோம் என்று எவரோ கைப்பையைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.)

எவாந்தியாமீது வழக்கு. பயணிகளின் உயிரை ஆபத்துக்குள்ளாக்கிய குற்றம். நிரூபணமானால் உரிமம் போகும்; அவரும் உள்ளே போவார்.

5

அதே மண்டபம், இத்தீவில் வேறு மண்டபம் இல்லை. நீதிபதி மட்டும் வேறொருவர், ஓர் அம்மையார். நிர்வாகத்தின் சார்பில் எழுந்தவர், கேளுங்கள், அதே கலோயேரிஸ்!

"கனம் நீதிபதி அவர்களே, விதிங்கிறது இரும்பு. அத வளைக்க ஒரு தனி ஆளுக்கு என்ன அதிகாரம்? வானத்துல வழக்கம்னு ஒண்ணு கெடையாதுங்க. விதி மட்டும்தான்!"

மண்டபத்தில் ஓர் ஓசை எழுந்தது. அது கூச்சலில்லை, வயிற்றில் குத்து வாங்கியவர் விடும் மூச்சு. அதில் என் மூச்சும் இருந்தது.

எவாந்தியா எழுந்தார். "ஐயா, ஜூன் மாசம் இதே எடத்துல நின்னு நீங்க சொன்னதத்தானே நான் செஞ்சேன்?"

"அது வேற வழக்கும்மா."

"ஓடுபாதை அதேதான் ஐயா."

நீதிபதி மேசையைத் தட்டினார். "இங்க இருக்கறது ஒரு கேள்விதான். விதிய மீறுனீங்களா, இல்லையா?"

"மீறுனேன். மீறலைன்னாலும் என்னைக் கூட்டிட்டு வந்திருப்பீங்க. இதே நாற்காலிலதான் உக்காந்திருப்பேன்."

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

(கலோயேரிஸைக் கொடியவராக்க முயன்றேன். தங்க மோதிரம் போட்டேன், ஏளனச் சிரிப்பு வைத்தேன். எல்லாவற்றையும் பிறகு கழற்றினேன். அவர் நீதிமன்றப் படியிலுள்ள பூனைகளுக்கு மீன்தலை கொண்டுவருபவர். முதியவர்களுக்குக் கதவைத் திறந்து பிடிப்பவர். என்னை உறங்கவிடாத செய்தி இதுதான்: ஜூனிலும் அவர் நடிக்கவில்லை, இந்த வழக்கிலும் நடிக்கவில்லை. இரண்டையும் மனமார நம்பினார்.)

6

மண்டபத்துக்கு வெளியே விமான நிலைய அதிகாரி காத்திருந்தார்.

"எவாந்தியா, சாயந்திர ஷிப்டுக்கு வந்துடு."

நான் தவறாகக் கேட்டேன் என்று நினைத்தேன். எவாந்தியாவும் அப்படியே நினைத்திருக்க வேண்டும்.

"நானா? குற்றவாளிக் கூண்டுலேருந்து நேரா கோபுரத்துக்கா?"

"ஆள் இல்ல, என்ன பண்ணச் சொல்ற? தீர்ப்பு வர்ற வரைக்கும் நீ நிரபராதி. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"அது விதியா, வழிகாட்டியா, சார்?"

அவர் சிரிக்கவில்லை. "ஜூன் உத்தரவு இன்னும் இருக்கு, பாத்துக்க. ப்ளேன சுத்த விட்டன்னா அதுக்குத் தனியா பதில் சொல்லணும்."

வாசகரே, இதற்கு மேல் நான் என்ன கற்பனை செய்வது? விதியை மீறினாள் என்று காலையில் கூண்டில் ஏற்றுகிறார்கள். விதியை மீறு என்று மாலையில் கோபுரத்தில் ஏற்றுகிறார்கள். இடையே மதிய உணவு.

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்து, காப்பிக்கடையில் எவாந்தியாவிடம் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் அவர் விடுதலையாகிறார். கொடிகள், பாட்டு, தோள்மேல் தூக்கிய ஊர்வலம். எவாந்தியா கேட்டுவிட்டு, "என்னைத் தூக்க நாலு பேர் வேணும், சங்கத்துல அவ்வளவு ஆளு இருந்தா ஏன் தனியா வேலை பாக்குறேன்?" என்றார்.

இரண்டாம் முடிவில், வானத்தில் சுற்றும் விமானத்துக்குள் கலோயேரிஸ் உட்கார்ந்திருக்கிறார். "உள்ள யாரு இருக்கான்னு நான் பாக்குறதே இல்ல, தோழரே. பாத்தா வேலை செய்ய முடியாது" என்றார் எவாந்தியா. அதுவும் போயிற்று.

மூன்றாம் முடிவில் இரண்டு விமானங்களும் மோ—

எழுதமாட்டேன். ஒரு வாதத்தில் வெல்வதற்காகப் பிணங்களை அடுக்க என் பேனா ஒப்பவில்லை.

"அப்படியானால் முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்" என்றேன்.

அவர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "நீங்க முடிக்காம விட்டா பாராட்டுவாங்க. நான் மைக்கைப் புடிச்சுக்கிட்டு 'முடிவு உங்க கையில'ன்னு விமானிகிட்ட சொல்ல முடியுமா?"

மூன்று முடிவுகளையும் மடித்துப் பையில் போட்டேன்.

8

அந்த மாலை. வழக்கு நடந்த அதே நாள். கோபுரத்துக்குள் வெளியார் வரக்கூடாதென்பது விதி. "இன்னிக்கு எல்லா விதியும் விதிதான், வெளியில நில்லுங்க" என்று எவாந்தியா என்னை அனுப்பிவிட்டார். ஆகவே மேடையும் கூட்டமும் இன்றி வேலியோரம் நின்றேன்.

ஒரு விமானம் இறங்கி மறுகோடி நோக்கி ஓடிற்று. வெயிலுக்குள் புகுந்து மறைந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். விலகியதா, நிற்கிறதா, எனக்குத் தெரியவில்லை. மேலே கோபுரத்தில் எவாந்தியாவுக்கும் தெரிந்திருக்காது. அடுத்தது தாழ்ந்து வந்தது, சக்கரங்கள் நீண்டிருந்தன, சாளரங்கள்கூடத் தெரிந்தன. ஓட்டல் பேருந்துகள் வரிசையாகக் காத்திருந்தன. நிலையக் கட்டடத்தின் திறந்திருந்த சாளரத்தின் வழியே நிலைய அதிகாரியின் தொலைபேசி விடாமல் அடிப்பது கேட்டது.

பின்பு இயந்திரம் உறுமிற்று. விமானம் மூக்கை உயர்த்தி, என் தலைக்கு மேலே ஏறி, கடலை நோக்கித் திரும்பிற்று.

இறங்காதே, சுற்றி வா என்று சொல்லிவிட்டார்! உரிமம் போகலாம், நாளை சிறை வரலாம் என்று தெரிந்தே சொல்லிவிட்டார். மனூசோஸின் வண்டி மறுகோடிக்கு விரைந்தது. அங்கே ஏதாவது நின்றிருந்தால் எவாந்தியா உயிர்களைக் காத்தவர். எதுவும் இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவை மீறியவர். அவர் செய்த செயலோ இரண்டிலும் ஒன்றே.

இந்தக் கதையும் அந்த விமானத்தோடு மேலே போய்விட்டது. எண்ணெய் தீரும்வரை சுற்றும். வாசகரே, நீங்கள் தரையில் இருக்கிறீர்கள். வண்டியில் ஏறுங்கள். மறுகோடிவரை போங்கள். எவர் சொன்னதையும் நம்பாமல், உங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள்: பாதையில் என்ன நிற்கிறது?