பிரவுனியின் தண்ணீர்ச் சட்டி

முதல் மழை விட்ட மாலை. வாவிக்கரை வீட்டு முற்றத்தில் நாய் பிரவுனி, வாயெல்லாம் நுரை தள்ளத் தள்ளாடி வந்தது. தன் தண்ணீர்ச் சட்டியை எட்டிப் பார்த்ததும் வெருண்டு பின்வாங்கி முனகியது.

"பாத்தியா, தண்ணியக் கண்டு பயப்படுது! விசர்தான், வெறி புடிச்சிட்டு," என்று லெஸ்டர் மண் தோண்டும் இரும்பு அலவாங்கைத் தூக்கினான். மூலையில் ஒதுங்கிய நாய் அவனையே பார்த்தது.

அவன் மனைவி மியூரியல் சட்டியருகே ஓடி வந்தாள். அதற்குள் ஏதோ அசைந்ததைக் கண்டாள். பெரிய தேரை ஒன்று காலை ஊன்றி, உடம்பை ஊதிக்கொண்டு நின்றது. கண்ணுக்குப் பின்னாலிருந்த தடிப்பில் பல் பட்ட தடம்; அதிலிருந்து பால்போல நஞ்சு கசிந்தது.

"அடிச்சிராதீங்க! தேரையைக் கவ்வியிருக்கு. அந்த நஞ்சுதான் நுரைக்குது. அது பயப்படுறது தண்ணிக்கில்ல, தேரைக்கு!"

"விசரெண்டா உன்னையும் கடிக்கும். விலகு!"

அவள் விலகவில்லை. சட்டியைக் காலால் கவிழ்த்தாள். தேரை தத்தித் தத்திப் பூச்சாடிக்குப் பின்னால் போனது. சட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். லெஸ்டர் ஓங்கிய அலவாங்கைக் கீழே இறக்கவில்லை.

பிரவுனி மோந்து பார்த்தது. பிறகு மடமடவென்று குடித்தது. குடித்து முடித்து, வாலை ஆட்டிக்கொண்டு, அலவாங்கோடு நின்ற லெஸ்டரின் காலை நக்க வந்தது.