கன்ட்ரோலர் கேட்க மறந்த கேள்வி

1

இது கட்டுரையாக இருக்க வேண்டியது. கணினி மாத இதழ் ஒன்றின் ஆசிரியர், "மென்பொருளில் கன்ட்ரோலரின் வேலை என்ன? பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்" என்றார். எனக்கே புரியாததால், பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் மாடியில் குடியிருந்த டீனாவைக் கேட்டேன். அவள் விளக்கம் சொல்லாமல் தனக்கு நடந்ததைச் சொன்னாள். கட்டுரை அன்றோடு போயிற்று. ஆசிரியர் மன்னிக்க.

2

முதல் தொடக்கம்: "2007ஆம் ஆண்டு, பெங்களூரில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், டீனா தன் கணினியின் முன்—"

(வேண்டாம். தூறலில் தொடங்கும் பெங்களூர்க் கதைகள் போதும். அன்று நல்ல வெயில் வேறு.)

இரண்டாவது தொடக்கம்: ரெமிஜியஸின் மேசையில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் கிடந்தன. இரண்டிலும் அதே ஞாயிறு, அதே மாலை, மர்பி டவுனில் இருந்த அவருடைய அதே ஹால்.

இது நிற்கும்.

ரெமிஜியஸ் டீனாவுக்கு ஃபோன் செய்தார். ஹாலை இணையத்தில் பதிவு செய்யும் தளத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

"கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. உன் கம்ப்யூட்டர் ஒரே மேடைல ரெண்டு ஜோடியை உக்கார வெச்சிருக்கு."

3

கட்டுரையின் மிச்சம் இங்கே கொஞ்சம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட தளத்தில் மூன்று பகுதிகள் உண்டு. விவரங்களை வைத்துக்கொண்டு, எது செல்லும் எது செல்லாது என்று அறிந்திருப்பது மாடல். நம் கண்ணுக்குத் தெரியும் திரை வியூ. நடுவில் நிற்பது கன்ட்ரோலர். திரையில் நாம் அழுத்தியதை வாங்கிப் போய் மாடலிடம் கேட்டு, வந்த பதிலுக்கு ஏற்ற திரையைக் காட்டச் சொல்லும். தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது.

(இந்த இடத்தில் ஹோட்டல் சர்வர் உவமை ஒன்று இருந்தது. எல்லோரும் அதையே சொல்வதால் அடித்துவிட்டேன்.)

டீனா ஒரு சுருக்கு வழி கண்டிருந்தாள். நாள் காலியாக இருந்தால் மட்டுமே திரையில் பதிவு பட்டன் தெரியும். (பொத்தான் என்று எழுதினால் சட்டை ஞாபகம் வருகிறது.) பட்டன் தெரிந்தால் நாள் காலி என்றுதானே அர்த்தம்? ஆகவே யாராவது அழுத்தினால், கன்ட்ரோலர் மாடலிடம் மறுபடி கேட்காமலே எழுதிக்கொண்டது. ஒரு காலையில், இரண்டு ப்ரௌசிங் சென்டர்களில், அந்த இரண்டு கல்யாண வீட்டுக்காரர்களான கோவிந்தனும் கேத்தரினும் அந்தத் திரையைத் திறந்து வைத்திருந்தார்கள். இருவருக்கும் பட்டன் தெரிந்தது. முதலில் கோவிந்தன் அழுத்தினார். பழைய திரையையே பார்த்துக்கொண்டிருந்த கேத்தரின் பிறகு அழுத்தினார். ஹால் உங்களுக்கே என்று இருவருக்கும் பதில் போயிற்று.

4

கோவிந்தன் பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் சுனிதாவுக்குக் கல்யாணம். டீனா அவரைப் பார்த்ததே இல்லை. கேத்தரினோ அவளோடு சர்ச்சில் பாடுகிறவர். ரெமிஜியஸிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் மகன் ஜாய்சனுக்குக் கல்யாணம்.

"யார் முதல்ல அழுத்துனாங்களோ அவங்களுக்கு ஹாலு" என்றார் ரெமிஜியஸ். "எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. நீ சொல்றதுதான்."

யார் எப்போது அழுத்தினார்கள் என்று தளத்தில் பதிவாகியிருந்த நேரத்தை மாற்ற டீனாவுக்கு ஒரு வரி போதும்.

[என் முதல் வரைவில் அவள் மாற்றிவிடுகிறாள். படித்துப் பார்த்த டீனா, "நான் மாத்தலைங்க" என்றாள். பிறகு, "மாத்தணும்னு தோணுச்சு. அதை எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.]

மாற்றாமல், நேரே கேத்தரின் வீட்டுக்குப் போனாள்.

"பாதி ஊருக்குக் கார்டு குடுத்தாச்சுடி" என்றார் கேத்தரின். "பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஹாலு இல்லன்னு சொல்லுவேன்?" முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அழாதீங்க ஆன்ட்டி. ஹாலு உங்களுக்குத்தான். அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

தெருவுக்கு வந்த பிறகுதான் டீனாவுக்கு உறைத்தது. கேட்க வேண்டியவரைக் கேட்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் எழுதிய கன்ட்ரோலர் செய்ததும் இதைத்தான்.

5

(இங்கே கோவிந்தன், "பரவாயில்லம்மா, அவங்களே வெச்சுக்கட்டும்" என்று சொல்வதாக ஒரு பக்கம் எழுதினேன். அவ்வளவு நல்லவரை நான் வெளியே எங்கும் பார்த்ததில்லை. கிழித்தாயிற்று.)

டீனா வீடு தேடிப் போய் விஷயத்தைச் சொன்னதும் கோவிந்தனுக்குக் கோபம் வந்தது.

"முதல்ல அழுத்துனது நானா, அவங்களா?"

"நீங்கதான் சார்."

"அப்புறம் இங்க இன்னா கேக்க வந்த?"

"அவங்க மதியமே முடிச்சுக்கிட்டா, சாயந்திரம் நீங்க..."

"மதியம் முடிச்சுக்கிறேன்னு அவங்க சொன்னாங்களா?"

"இல்ல சார். நானா யோசிச்சேன்."

"நடுவுல நின்னு பேஜார் பண்ணாதம்மா. அவங்களையே கூட்டினு வா."

திரும்பிப் போய், "நான் சொன்னது தப்பு ஆன்ட்டி, ஹாலு அவங்களோடது" என்று சொன்னதுதான் அன்று அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது. கேத்தரின் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு டீனாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினார்.

கோவிந்தன் வீட்டில் டீனாவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. தெருவிலேயே நின்றாள். உள்ளே இரண்டு குரல்கள் ஏறின. பிறகு தணிந்தன. பிறகு ஒன்றாகச் சேர்ந்து ஏறின. கோவிந்தனின் மனைவி எல்லம்மா வாசலுக்கு வந்தார்.

"உள்ள வாம்மா. ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப் போயிட்டாங்க."

"எதுல ஆன்ட்டி?"

"உன்னைத் திட்றதுல."

டீனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது அந்தத் திட்டு வாங்கும்போதுதான் என்று சொன்னாள்.

6

ஹால் ஒன்று, கல்யாணம் இரண்டு. யாருக்கு மதியம், யாருக்கு மாலை? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். முதல் முடிவில் கேத்தரின் மதியத்துக்குச் சம்மதிக்கிறார், கோவிந்தன் சமையற்காரர்களைக் கொஞ்சம் தாமதமாக வரச்— இரண்டாவதில் கோவிந்தனே முகூர்த்தத்தோடு சேர்த்து மாலை விருந்தையும் காலையிலேயே—

இரண்டையும் அடித்தேன். முடிவை உங்களிடமே விட்டுவிடலாம் என்று பேனாவை மூடும்போதுதான் ஒன்று தெரிந்தது. கோவிந்தன் பேசினார், கேத்தரின் அழுதார், டீனா அலைந்தாள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற ஜாய்சனும் சுனிதாவும் இந்தக் கதையில் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை எழுதிய நானும் கேட்கவில்லை.

முடிவு உங்களுடையது. போய் அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.