ஏரியில் வளர்த்த புல்

சூளகிரிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஏரிக்கு வேண்டாத விருந்தாளிகள் அதிகம். மேட்டில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களின் உரத்தண்ணீர் வரும். கம்பெனி ஆட்கள் தங்கும் விடுதிகளின் சாக்கடை வரும். மழை பெய்தால் மிச்சமிருக்கிற எல்லாமே வரும். தண்ணீர் பச்சைப் பசேலென்று தடித்துப்போய், கோடை வந்தால் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். தண்ணீரில் கலந்த இந்த உரச்சத்தை உறிஞ்சி எடுக்க வழி கண்டுபிடித்து டாக்டர் பட்டம் வாங்கப் புறப்பட்டவள்தான் ஆஃப்ஷீன். காவேரிப்பட்டினத்து மாங்காய் மண்டிக்காரர் அப்துல் சலாமின் மூத்த மகள்.

பிளாஸ்டிக் குழாய்களில் தெப்பம் கட்டி, அதில் தீவனப்புல்லை நட்டு, ஏரியில் மிதக்கவிட்டாள். வேர் தண்ணீரில் தொங்கி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் குடிக்கும். குடித்த புல்லை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் ஏரிக்கு லாபம். விட்டால் அங்கேயே அழுகி, குடித்ததையெல்லாம் திரும்பக் கக்கிவிடும். அறுக்க ஆள் வைக்க ஆராய்ச்சி நிதியில் வழியில்லை. தீவனப்புல் என்றால் மாடு வைத்திருப்பவர்களே வந்து அறுத்துக்கொள்வார்களே! இந்த யோசனைக்காக வழிகாட்டி சுசித்ரா மேடம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

அறுக்க வந்தவள் சுகுணா. கரையோரம் வீடு, புருஷன் இறந்த பிறகு இரண்டு மாடுகளின் பாலை ஊற்றித்தான் ஜீவனம். சாக்கடையில் முளைத்த புல் என்று முதலில் முகம் சுளித்தாள். இது ஏரியையே சுத்தம் செய்கிற புல், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆஃப்ஷீன்தான் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். அதன் பிறகு தினமும் அரிவாளோடு வந்துவிடுவாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் வெயிலே தலைகாட்டவில்லை. புல் மட்டும் கரும்பச்சையாக மதமதவென்று நின்றது. ஆஃப்ஷீனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வாரத்தில்தான் ஒரு காலையில் சுகுணாவின் சினைமாடு தள்ளாடி விழுந்தது. மேல்மூச்சு வாங்கி, நடுங்கி, மாட்டு டாக்டர் வருவதற்குள் செத்துப்போனது.

ஊர் கூடிவிட்டது. பக்கத்து பெயின்ட் கம்பெனிதான் எதையோ ஏரியில் திறந்துவிட்டது என்று சாலை மறியலுக்குக் கிளம்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, சந்தேகப்படத் தகுதியான கம்பெனிதான். டாக்டர் விஷம் மாதிரி தெரிகிறது, ரிப்போர்ட் வரட்டும் என்று சொல்லி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அந்த ரத்தத்தை ஆஃப்ஷீன் பார்த்தாள். சிவப்பாக இல்லை, காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது.

நைட்ரேட் மிதமிஞ்சி உடம்பில் ஏறினால் ரத்தம் அந்த நிறத்துக்கு மாறும் என்று அவளே ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாள். வெயில் அடித்தால் புல் தான் குடித்த நைட்ரேட்டைச் செரித்துவிடும். வெயில் இல்லாவிட்டால் அப்படியே தண்டில் தேக்கிக்கொள்ளும். புல்லில் மொத்தச் சத்து எவ்வளவு என்று ஓயாமல் அளந்தவள், செரிக்காமல் நிற்கும் நைட்ரேட் எவ்வளவு என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளுடைய ஆராய்ச்சி ஏரியைப் பற்றியது. மாட்டைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் தெப்பத்தைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள் என்று பயந்தாள். மேடத்துக்குப் போன் போட்டாள். ரத்தத்தின் நிறத்தை வைத்து உளறிக் கொட்டாதே, மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு என்றார் மேடம். ஆராய்ச்சிக்காரர்களின் பால பாடம் அது. அன்றைக்கு அது அவளுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! ஒரு கட்டுப் புல்லை அறுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ஆய்வகத்துக்கு ஓடினாள். ரெண்டு நாளைக்கு இந்தப் புல் வேண்டாம் என்று சுகுணாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போனாள்.

மறுநாள் மத்தியானம் மூன்றாவது சோதனையும் அதையேதான் சொன்னது. ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். ஏரிக்கரையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் மாட்டை நேற்றே புதைத்தாயிற்று. இது அடுத்த மாட்டுக்கு.

செத்த மாட்டின் பக்கத்தில் சுகுணா உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்ந்த முகம். ஆஃப்ஷீனைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"கரையில மேய வுடல பாப்பா. ஏரித் தண்ணியும் காட்டல, பக்கத்து வூட்டு போருல இருந்து கொடத்துல கொண்டாந்து வச்சேன். எதுல வெசம் இருக்குதோன்னு வைக்கோலு கூடப் போடல. நீ வளத்த புல்லு ஒண்ணுதான் நல்லதுன்னு, அதையே வவுறு நெறைய அறுத்துப் போட்டேன். அப்பவும் போயிருச்சே."

இனிமேல் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் கம்பெனிக்காரன் நஷ்டஈடாவது கொடுப்பான். தெப்பமும் பிழைக்கும், பட்டமும் பிழைக்கும். இதெல்லாம் ஒரு நொடியில் ஆஃப்ஷீன் மனதில் ஓடியது. ஓடியதற்காகவே தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது.

"அந்தப் புல்லுதாங்க்கா," என்றாள். பிறகு தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள்.

சுகுணா பிடித்த கையை விடவில்லை. குழி வெட்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"மொத மாடு சாவறப்பவே உனக்குத் தெரியுமா பாப்பா?"

சந்தேகம்தான் இருந்தது, உறுதியில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆய்வகத்தில் அது சரியான பதில்.

"தெரியும்க்கா," என்றாள்.

சுகுணா அப்போதுதான் கையை விட்டாள்.